மவுத்து நாட்டுப் புத்தகம்

ஓய்வு பெற்று ஊர் திரும்பும் பெண்ணை என்ன செய்வதென்று ஊருக்குத் தெரிவதில்லை. ஆணாக இருந்தால் ஜமாத்தில் ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள். எனக்கு நாற்காலி போட வழியில்லாததால் ஓர் அறையைக் கொடுத்தார்கள். பழவேற்காட்டில் எங்கள் தெருப் பள்ளிவாசலை ஒட்டி, உடைந்த மின்விசிறிகளும் பழைய பாய்களும் கிடந்த அறை. சென்னையில் இருக்கும் யாரோ ஒரு தனவந்தர் முஸ்லிம் குழந்தைகளுக்கென்றே வந்த கதைப் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அனுப்பியிருந்தார். அவற்றைப் பிரிக்க ஆளில்லை. நான் மாவட்ட நூலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது ஜமாத்துச் செயலாளருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பெட்டியைப் பிரித்தேன். விதிப்படி ஒவ்வொரு புத்தகத்துக்கும் வரிசை எண் கொடுத்து, முதல் பக்கத்திலும் நூலகருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியப் பக்கத்திலும் முத்திரை குத்தினேன். பணிக்காலத்தில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எந்தப் பொருளுக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால், அது தொலைந்த பிறகும் பதிவில் இருந்துகொண்டே இருக்கும். அதைப் பதிவிலிருந்து எடுக்கத்தான் படாத பாடு பட வேண்டும்.

முத்திரை குத்திக்கொண்டே எல்லாவற்றையும் படித்தேன். நல்ல தாள், நல்ல அச்சு. பெரும்பாலானவை வேறு மொழியிலிருந்து வந்தவை. அவற்றில் வரும் அப்பாக்கள் எல்லாரும் மருத்துவர்கள், அல்லது பேராசிரியர்கள். பிள்ளைகள் அவர்களை 'அப்பி' என்றும் அம்மாவை 'அம்மி' என்றும் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அம்மி மசாலா அரைக்கிற கல். உம்மா என்றால்தான் தாய். தகப்பனாரைப் பாதி வீடுகளில் வாப்பா என்பார்கள், மீதி வீடுகளில் நைனா என்பார்கள். ஆந்திர எல்லை ஏரிக்கு நடுவிலேயே ஓடுவதால் வந்த தெலுங்குச் சொல் அது. புத்தகங்களில் பெருநாள் காலையில் வெண்பனி பெய்தது. நோன்பு திறக்கக் கஞ்சி இல்லை, ஏதோ ஒரு சூப் இருந்தது. யாரும் இறால் உரிக்கவில்லை. எந்த வீட்டிலும் மீன் வாடை இல்லை.

அவற்றில் ஒன்று தமிழிலேயே எழுதப்பட்டது. அதை எழுதியவர் நம் ஆள்தான் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது. ஆனால் பிழை திருத்தியவர் நம் ஆள் இல்லை. நாங்கள் பள்ளிவாசலைப் பள்ளி என்றுதான் சொல்வோம். எழுதியவர் பள்ளி என்று எழுதியதை, திருத்தியவர் குழந்தைகளுக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று பள்ளிக்கூடம் ஆக்கிவிட்டார். அதனால் அந்தப் புத்தகத்தில் வெள்ளிக்கிழமை நண்பகலில் வாப்பா குளித்து, அத்தர் பூசி, தொப்பி அணிந்து பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே கைகால் கழுவி, வரிசையில் நின்று தொழுது திரும்பினார்.

சிவப்பு மை எடுத்து எல்லா இடத்திலும் 'கூடத்தை' அடித்தேன். ஒவ்வோர் அடித்தலுக்கும் பக்கத்தில் என் சுருக்கொப்பத்தை இட்டேன். திருத்தம் என்றால் திருத்தியவர் கையொப்பம் வேண்டும், இல்லையென்றால் அது செல்லாது. அந்த நேரத்தில் என் எதிரில் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பெண் குழந்தை. இரண்டாம் வகுப்பு.

"புக்குல கிறுக்கக் கூடாதுனு போர்டு வச்சிருக்கீங்க. நீங்களே கிறுக்குறீங்க?"

கிறுக்கல் இல்லை, திருத்தம் என்று சொன்னேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். தப்பாக இருப்பதைச் சரியாக்கி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டால் திருத்தம், போடாவிட்டால் கிறுக்கல் என்றேன். அவள் சிறிது யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அரசு ஊழியர்கள் பலருக்கு இதைப் புரியவைக்க எனக்குப் பல கூட்டங்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

அவளுடைய உம்மா எனக்குத் தூரத்து உறவு, என்னை மாமி என்று கூப்பிடுவாள். ஆகவே பிள்ளையும் மாமி என்றே கூப்பிட்டாள். பிறகு தெருவே என்னை லைப்ரரி மாமி ஆக்கிவிட்டது. அவளுடைய நைனா முன்பு ஏரியில் சுற்றுலாப் படகு ஓட்டிக்கொண்டிருந்தவர். பிறகு குவைத்துக்குப் போனார். அங்கே ஒரு அரபு வீட்டில் கார் ஓட்டுநர். வெள்ளிக்கிழமை தோறும் போனில் முகம் காட்டுவார்.

பெட்டியில் அரபு நாடுகளைப் பற்றிய படப் புத்தக வரிசை ஒன்று இருந்தது. நாட்டுக்கு ஒன்று. ஏமன், ஓமன், குவைத்து, கத்தார் என்று முதுகில் பெயர் போட்டு வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வீடு, ஒரு குடும்பம், அவர்களின் ஒரு நாள். பிள்ளைகள் இதர கதைகளைப் புரட்டிவிட்டு இந்த வரிசைக்குத்தான் வருவார்கள். அதில் அவரவருக்கு ஒரு நாடு இருந்தது. வாப்பா கத்தாரில் இருக்கிறவன் கத்தாரை எடுப்பான், மாமா ஓமனில் இருக்கிறவள் ஓமனை எடுப்பாள். இவள் குவைத்தை எடுத்துக்கொண்டு போவாள், திருப்பிக் கொடுப்பாள், அன்றே மறுபடி பதிந்து எடுத்துக்கொண்டு போவாள். வேறு பிள்ளைகள் கேட்டால்தான் தவணை நீட்டிப்பை மறுக்கலாம் என்பது விதி. குவைத்தை வேறு யாரும் கேட்கவில்லை.

அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு. அரபுக் குடும்பம் காரில் கடற்கரைக்குப் போகிறது. வெள்ளை அங்கி போட்ட தகப்பன், கறுப்பு உடுத்திய தாய், பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள், எல்லார் முகத்திலும் சிரிப்பு. காரை ஓட்டுகிறவரின் முகம் இல்லை. படத்தின் ஓரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் ஒரு கை மட்டும் இருக்கும். மாநிறக் கை. வரைந்தவருக்கு இடம் போதவில்லையோ, அவசியம் படவில்லையோ தெரியாது.

"இது எங்க நைனா கை" என்று அவள் முதல் நாளே எனக்குக் காட்டிவிட்டாள்.

நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

அந்த ஆண்டு நோன்பு முடிந்து சில வாரங்களில் அவளுடைய நைனா குவைத்தில் மவுத்தானார். மவுத்து என்றால் மரணம். எங்கள் வீடுகளில் செத்துப்போனார் என்று சொல்ல மாட்டோம், அது மரியாதைக் குறைவு. காலமானார் என்பது சுவரொட்டிக்கு. வீட்டுக்குள் மவுத்து என்ற சொல்தான். இரவு தூங்கியவர் காலையில் எழுந்திருக்கவில்லை, நெஞ்சு நின்றுவிட்டது என்று அறைக்கூட்டாளிகள் போனில் சொன்னார்கள்.

வெளிநாட்டில் ஒருவர் இறந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. உடலைக் கொண்டுவருவதா, அங்கேயே அடக்குவதா என்று குடும்பம் முடிவு செய்ய வேண்டும். அங்கேயே என்றால் மனைவியின் சம்மதக் கடிதம் வேண்டும், நோட்டரி கையொப்பம் வேண்டும், தூதரகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும், கடவுச்சீட்டை ரத்து செய்ய வேண்டும், பிறகு வாரிசுச் சான்று. கொண்டுவர நாளாகும், மய்யத்தைக் காக்கவைப்பது நல்லதல்ல என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாள். எங்கே போடுவது என்று நான் விரல் வைத்துக் காட்டிய இடங்களில் எல்லாம் போட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பள்ளியில் உடல் இல்லாமலே அவருக்காகத் தொழுதார்கள்.

எல்லா நடைமுறையும் முறையாக முடிந்தது. ஒன்றைத் தவிர. பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குப் படிவம் இல்லாததால் அது யார் பொறுப்பு என்பது யாருக்கும் தெரியவில்லை.

செய்தி வந்த அன்று தாய் விழுந்து புரண்டதைப் பார்த்துப் பயந்து, பெண்கள் பிள்ளையைப் பொன்னேரியில் இருந்த சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் திரும்பி வந்தபோது வீட்டில் அழுகை ஓய்ந்திருந்தது. உம்மா வெள்ளை உடுத்தி உள் அறையில் இருந்தாள். இத்தா. கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண் முகம் பார்க்காமல் இருக்க வேண்டிய காலம். உம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வெளியே போகக் கூடாது என்று பிள்ளையிடம் சொல்லிவைத்தார்கள்.

எனக்கும் அந்தக் காலம் வந்திருக்கிறது. பணியில் இருக்கும்போதே கணவர் போய்விட்டார். இத்தா என்று ஒரு விடுப்பு வகை அரசு விதிகளில் கிடையாது. ஈட்டிய விடுப்பையும் மருத்துவ விடுப்பையும் சேர்த்து எடுத்தேன். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். அனுமதிக்கப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, குர்ஆன் ஓதிவிட்டு வந்த பிள்ளைகள் போன பிறகு, அவள் மட்டும் அலமாரி முன் நின்றுகொண்டிருந்தாள். அரபு நாட்டு வரிசையை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"மாமி, மவுத்து புக்கு இல்லியா?"

 தெரிந்துகொண்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். எதற்கு என்று மட்டும் கேட்டேன்.

"நைனா குவைத்துலேர்ந்து மவுத்து போயிட்டாருல்ல. அங்க வூடு எப்டி இருக்கும், இன்னா கார் ஓட்டுவாங்கனு பாக்கணும். மவுத்துல டவர் கிடைக்காது மாமி. அதான் போன் பண்ணல."

வீட்டில் பெண்கள் தாழ்ந்த குரலில் 'மவுத்தாப் போயிட்டாரு' என்று சொன்னதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள். குவைத்து போயிட்டாரு, கத்தார் போயிட்டாரு, மவுத்தாப் போயிட்டாரு. எங்கள் தெருவில் ஆண்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் பார்த்த சாவு ஒன்றே ஒன்று, பக்கத்து வீட்டுக் கிழவருடையது. அதில் உடல் இருந்தது, குளிப்பாட்டினார்கள், சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். இதில் தூக்க ஒன்றும் இல்லை. வெறும் சொல்தான் வந்து இறங்கியது.

இல்லாத புத்தகத்தைக் கேட்டால் வாங்கித் தருவேன் என்று பிள்ளைகளிடம் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அதை அவள் நினைவூட்டினாள். சரி என்றேன். 

அன்றே அவள் வீட்டுக்குப் போனேன். உள் அறையில் தாய் தஸ்பீஹ் மணிகளை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட ஆகாதவள். பிள்ளை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் மாமி. என்னாண்டயும் கேட்டா. மவுத்துல வெயில் ஜாஸ்தியானு."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் மணிகளை விரலிலிருந்து கழற்றி மடியில் வைத்தாள்.

"அவ அப்டி சொல்லச்சொல்ல, அவரு எங்கியோ ஒரு ஊர்ல இருக்குற மாதிரி எனக்கும் இருக்குது மாமி. அது போயிடும்ல."

 இத்தா முடியட்டும், முடிந்ததும் நானே சொல்கிறேன் என்றாள். அதுவரைக்கும் வேறு யாரும் சொல்லிவிடக் கூடாது, தன் வாயால்தான் அது தெரிய வேண்டும் என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான். வீட்டுப் பெண்களிடம் சொல்லிவைப்பதாக ஒப்புக்கொண்டேன். தெருவிடம் சொல்லிவைக்க யாராலும் முடியாது.

அந்த வாரம் நான் அலமாரியை மறுபடி முழுக்கப் படித்தேன். பிள்ளைக்குச் சாவைச் சொல்லும் புத்தகம் ஒன்றாவது அகப்படாதா என்று. எல்லாப் புத்தகத்திலும் பெருநாள் வந்தது, பிறை தெரிந்தது, புதுத்துணி வந்தது. ஒருவரும் மவுத்தாகவில்லை. ஒரு கதையில் ஒரு பூனைக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. கடைசிப் பக்கத்தில் அதுவும் பிழைத்துக்கொள்கிறது. குழந்தைப் புத்தகங்களில் வரும் முஸ்லிம் வீடுகளில் வெகுகாலமாக யாரும் இறக்கவில்லை என்பதை ஒரு குறைபாடாகப் பதிப்பகங்களுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். பதில் வராது என்பதும் தெரியும். எழுதவில்லை.

இத்தா முடியச் சில நாட்கள் இருந்தபோது பள்ளிக்கூட ஆசிரியை என் அறைக்கு வந்தார். இந்த முறை கூடத்தோடு சேர்ந்த பள்ளி. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக வந்து போகிற இளம்பெண், பிள்ளைகளிடம் பிரியமானவர். கையில் சுருட்டிய உலக வரைபடம் வைத்திருந்தார்.

"மேடம், ஒரு டவுட்டு. மவுத்துனு ஒரு நாடு ஓமன் பக்கமா இருக்கா? மஸ்கட்டத்தான் அப்படி சொல்றாங்களா? மேப்ல தேடித்தேடிப் பார்த்துட்டேன்."

நடந்ததை அவரே சொன்னார். வீட்டில் பெரியவர்கள் எங்கெங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று வகுப்பில் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் ஏரி, கடல், காட்டூர் வயல், சென்னைத் துறைமுகம், துபாய் என்று சொல்லச்சொல்ல ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதியிருக்கிறார். இவள் எழுந்து மவுத்து என்று சொன்னாள். அதையும் பெரிய எழுத்தில் எழுதினார்.

"மத்த நேரம் மீன் மார்க்கெட்டு மாதிரி கத்துவாங்க மேடம். அப்ப மட்டும் ஒருத்தர்கூட வாயத் தொறக்கல. ஜாக்ரபில இவ்ளோ வீக்கா இருக்காங்களேன்னு நெனச்சேன்."

வகுப்பில் பாதிப் பேர் எங்கள் தெருப் பிள்ளைகள். அந்தச் சொல் அவர்களுக்குத் தெரியும். பக்கத்து மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும், காலங்காலமாக அடுத்தடுத்து வாழ்கிறவர்கள். ஏழு வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சும்மா இருந்திருக்கிறார்கள்.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொன்னேன். ஆசிரியை வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது, "போர்டுல எழுதினேனே மேடம், அழிச்சேனானு ஞாபகம் இல்ல." உடனே எழுந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். பூட்டியிருக்கும், சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது என்று நான் பின்னாலிருந்து சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியாது.

நான் பிள்ளையின் தாயிடம் போனேன். இனி தெரு சொல்லிவிடும், நாளைக்கோ மறுநாளோ ஏதாவது ஒரு சண்டையில் ஏதாவது ஒரு பிள்ளை சொல்லிவிடும் என்றேன். அவள் முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது அவள் கேட்டது எனக்கு விளங்கச் சற்று நேரமானது.

"டச்சுக் கல்லறைய எத்தினி மணிக்குத் தொறப்பாங்க மாமி?"

சந்தைக்குப் பின்னால் இருக்கிறது அது. டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்த காலத்தில் செத்தவர்களைப் புதைத்த இடம். கோட்டை இன்று முட்செடியும் மண்மேடும்தான். கல்லறைகள் மட்டும் உறுதியாக இருக்கின்றன. அவை பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம், சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்று நீலப் பலகை சொல்லும். எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தினமும் அதைத் தாண்டித்தான் போவார்கள். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். பிள்ளைகள் அவற்றுக்குப் பழிப்புக் காட்டிவிட்டு ஓடுவார்கள்.

எதற்கு அங்கே என்றேன்.

"இந்த ரூம்ல சொல்ல மாட்டேன். அவ இங்கதான தூங்கணும். நம்ம கபரஸ்தானுக்குப் பொம்பளைங்க போறதில்ல. அவரு கபுறும் இங்க இல்ல. அவளுக்குக் காட்ட என்னாண்ட வேற கபுறு இன்னா இருக்குது மாமி?"

நானும் வர வேண்டும் என்றாள். திறக்கும் நேரத்தைச் சொன்னேன். இத்தா முடியும்வரை அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம், காய்ச்சல் என்று ஆசிரியையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். ஆசிரியை விடுப்புக் கடிதம்கூடக் கேட்கவில்லை.

இத்தா முடிந்த அன்று காலையில் அவள் குளித்து, உறவுக்காரப் பெண்கள் கொடுத்த நிறப் புடவையை உடுத்தி, மேலே துப்பட்டி போட்டுக்கொண்டு வாசல்படி இறங்கினாள். வெயில் பட்டுக் கண்ணைச் சுருக்கினாள். பிள்ளை அவள் கையைப் பிடித்துக் குதித்துக்கொண்டு வந்தாள், உம்மாவுக்கு உடம்பு சரியாகிவிட்டது என்பதால். சந்தையில் நண்டுக் கூடைகளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் எங்களைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து வழி விட்டாள்.

காவலாளி எங்களை உள்ளே விட்டார். ஆடு ஒன்று சமாதிப் பலகை மேல் படுத்திருந்தது. பெரிய பெரிய கருங்கற்கள், அவற்றில் சுற்றிலும் பூவேலை, நடுவே நெருக்கமாக எழுத்து. பிள்ளை அதைத் தடவிப் படிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

தாய் ஒரு கல்லின் அருகே மண்ணில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டாள். நான் சற்றுத் தள்ளி நின்றேன். அவள் மெதுவாக ஆரம்பித்தாள். இவர்கள் வேறு ஊர்க்காரர்கள், கப்பலில் ரொம்ப தூரத்திலிருந்து வந்தவர்கள், வேலைக்காக வந்தவர்கள், வீடும் பிள்ளைகளும் அங்கே, இங்கேயே மவுத்தாகி இங்கேயே அடங்கிவிட்டார்கள் என்று சொன்னாள்.

பிள்ளை நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். "இதான் மவுத்தா உம்மா?"

தாய் அவளை இன்னும் நெருக்கிக்கொண்டாள். குரல் மாறவில்லை.

"மவுத்து ஊரு இல்லடா கண்ணு. பக்கத்து வூட்டுத் தாத்தாவ சந்தூக்குல தூக்கினு போனாங்கல்ல, அதுக்குப் பேருதான் மவுத்து. நைனாவுக்கும் அதான் ஆச்சு. குவைத்துலயே. நைனா இனிமே வர மாட்டாரு. போனும் வராது. டவர் இல்லாம இல்ல."

ஆடு எழுந்து வேறு கல்லுக்குப் போனது. சந்தையிலிருந்து ஏலம் கூவும் குரல் கேட்டது. பிள்ளை அழவில்லை. அவள் எதையோ கணக்குப் போடுகிற மாதிரி இருந்தாள்.

"நைனாவ யாரு தூக்கினாங்க?"

"ரூம்ல கூட இருந்தவங்க."

"யாரு?"

"காட்டூர்க்காரரு ஒருத்தரு. மலையாளத்துக்காரங்க ரெண்டு பேரு. பேரு தெரியாத ஒரு பெரியவரு. நைனாவ நல்லா குளிப்பாட்டி, வெள்ளத் துணி போட்டு, தொழுதுட்டுத்தான் அடக்குனாங்களாம். காட்டூர்க்காரருக்கு நம்ம தொழுகை தெரியாது. அவரு கடசி வரைக்கும் வெளில நின்னுக்கினே இருந்தாராம்."

அந்த நால்வரையும் பற்றி எனக்கே தெரியாது. அவள் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். இந்த நாளுக்காகத்தான் சேர்த்திருக்கிறாள்.

பிள்ளை கல்லெழுத்தில் விரல் வைத்தபடி கேட்டாள். "நைனாவுக்கு இது மாதிரி கல்லு வச்சாங்களா?"

இல்லை, அங்கே பேர் எழுத மாட்டார்கள், மண்ணுதான் என்றாள் தாய். பேர் அல்லாஹ்வுக்குத் தெரியும் என்றாள். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். புத்தக விஷயம் எல்லாம் என்னிடம் கேட்பதுதானே வழக்கம்.

"இவங்க வூட்ல பசங்க இருந்தாங்கல்ல மாமி, அவங்களுக்கு யாரு சொன்னாங்க?"

கப்பலில் கடிதம் போயிருக்கும் என்றேன். போய்ச்சேர எவ்வளவு நாளாகும் என்றாள். மாதக்கணக்கில் ஆகும் என்றேன்.

"அது வரிக்கும்?"

அதுவரைக்கும் அந்தப் பிள்ளைகள் தங்கள் தகப்பன் பழவேற்காட்டில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பழவேற்காட்டில் வெயில் அதிகமா, வீடு எப்படி இருக்கும் என்று கேட்டிருப்பார்கள். ஏதாவது புத்தகத்தில் தேடியிருப்பார்கள். இதையெல்லாம் நான் நினைத்தேன். சொன்னது, "தெரியாம இருந்திருப்பாங்க" என்பது மட்டும்.

அப்போதுதான் அவள் முகம் கோணி, உம்மாவின் துப்பட்டிக்குள் போனது. தாயும் பிள்ளையும் அழுதார்கள். நான் வாசலுக்குப் போய் எலும்புக்கூடுகளுக்கு நடுவில் நின்று, வெளியூரிலிருந்து கேமராவோடு வந்த இருவரை, பராமரிப்பு வேலை நடக்கிறது, பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். எனக்கு அந்த அதிகாரம் இல்லை. காவலாளி தடுக்கவில்லை.

அவள் பல நாள் நூலகத்துக்கு வரவில்லை. குவைத்துப் புத்தகம் அவளிடமே இருந்தது. தவணை கடந்தது, நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தாள். வகுப்பில் யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை என்று ஆசிரியை சொன்னார். ஓமன் புத்தகக்காரி மட்டும் அவளோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறாளாம்.

பிறகு ஒரு மாலை வந்தாள். புத்தகத்தை என் மேசையில் வைத்தாள். வழக்கப்படி அன்றே திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, வேறு புத்தகமும் கேட்கவில்லை. நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வந்த புத்தகத்தைப் பக்கம் பக்கமாகச் சரிபார்ப்பது என் வழக்கம். கிழிசல், கறை, கிறுக்கல் இருக்கிறதா என்று. அது அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் நின்றிருக்கிறாள்.

கார் பக்கம் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த அந்தக் கையில், கட்டைவிரல் ஆரம்பிக்கும் இடத்தில், நீல பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு புள்ளி வைத்திருந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நைனாவுக்கு அங்க மச்சம் இருக்கும். வரஞ்சவங்க வுட்டுட்டாங்க." புள்ளியின் மேல் விரல் வைத்துச் சொன்னாள். "கிறுக்கல் இல்ல மாமி. திருத்தம்."

கையெழுத்து எங்கே என்றேன். தனக்கு அது இன்னும் போட வராது என்றாள். நீங்களே போடுங்கள் என்றாள்.

சிவப்பு மையை எடுத்தேன். மச்சத்துக்குப் பக்கத்தில் என் சுருக்கொப்பத்தை இட்டேன். மை காயும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் புத்தகத்தை எடுத்துப் போய், ஓமனுக்கும் கத்தாருக்கும் நடுவில் அதன் இடத்தில் வைத்தாள்.